காலை நாடி

“உனக்கு ஒழுங்கா எண்ணத் தெரியுமா?” என்று கோச் என்னைக் கேட்டார். அக்காவை ஓட்டப்பந்தய அணியில் சேர்த்த அன்று. நான் தலையை ஆட்டினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் வேறு எப்படிக் கேட்பார்கள்?

வேலை சின்னதுதான். அக்கா கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன், அவள் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் நாடி எண்ணி நோட்டில் எழுத வேண்டும்.

“ஓடும்போது உடம்பு தேயுது. தூங்கும்போதுதான் தன்னைச் சரிபண்ணிக்குது. சரியாகலைன்னா காலையில நாடி வேகமா அடிக்கும். வழக்கத்தைவிடப் பத்து கூடினா அன்னைக்கு ஓட்டம் கிடையாது. இதுல பொய் எழுதினா டீம்ல இடமும் கிடையாது” என்றார் கோச்.

அக்காவின் வழக்கம் ஐம்பத்துநாலு. அம்மா விடிந்ததும் தையல் கம்பெனிக்குப் போய்விடுவாள். உப்புப் பூத்த பனியனை அலசுவதும் அக்காவின் கெண்டைக்காலைப் பிடித்துவிடுவதும் என் பாடு. வீட்டில் வேகும் ஒற்றை முட்டையும் அவளுக்குத்தான். நான் ஓடவா போகிறேன்?

தேர்வுப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தபோது நாடி அறுபத்தெட்டு. மறுபடி எண்ணினேன். அறுபத்தெட்டேதான்.

“ஐம்பத்துநாலுன்னு போடு.”

“கோச் திட்டுவாருக்கா.”

“நீ சொன்னாத்தானே தெரியும்? ஊமைக்கொட்டான், இன்னைக்குத்தான் உனக்கு வாய் முளைக்கணுமா? ரெண்டு நாள் உக்காந்தேன்னா என் இடத்தை அந்த நெட்டச்சிக்குக் குடுத்துடுவாரு. போடுடி தங்கம்.”

அவள் என்னைத் தங்கம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போட்டேன். மறுநாள் எழுபது. அதையும் ஐம்பத்துநாலு என்றே போட்டேன். அடுத்த நாள் அவள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். நோட்டில் ஐம்பத்துநாலு. எட்டாம் நாள் மைதானத்தில் சுருண்டு விழுந்தாள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். தேய்ந்தது கூடுவதற்கு நேரமே கொடுக்காமல் ஓடியிருக்கிறாள் என்றார் டாக்டர்.

கோச் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று நோட்டைப் புரட்டினார். கடைசி எட்டு நாளும் ஒரே எண்.

“இது எப்படி?”

“அவளுக்கு எண்ணவே வராது சார்.” அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “ஸ்கூல்லயே கணக்குல முட்டைதான். அதனாலதான் நின்னுட்டா.”

வீட்டைப் பார்க்க ஆளில்லை என்றுதான் என்னை நிறுத்தினார்கள். கணக்கில் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. அது அக்காவுக்கும் தெரியும்.

கோச் என்னிடம் கையை நீட்டினார். “எண்ணு, பார்ப்போம்.” இன்னொரு கையின் இரண்டு விரலைத் தன் கழுத்தில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி தானும் எண்ணத் தொடங்கினார்.

அக்கா போர்வை நுனியைக் கசக்கினாள். நான் தப்பாகச் சொன்னால் போதும். எலும்பு கூடியதும் அவள் மறுபடி ஓடலாம். நான் மக்கு என்று ஆகிவிடும், அவ்வளவுதானே. ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முள் ஒரு சுற்று முடித்தது.

“எழுபத்தாறு” என்றேன்.

அவர் கழுத்திலிருந்து விரலை எடுத்தார். நான் சொன்னது சரி என்பது, அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்ததிலேயே தெரிந்தது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.