மூன்றாம் அத்தியாயத்து நீலப் பொத்தான்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்திலிருந்து வந்தது. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் பேருந்தில் உட்கார்ந்து இதைக் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். நல்ல மதிய வெயில். பக்கத்து இருக்கை அம்மாள் மடியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறார். தட்டுவதை நிறுத்தினால் இறங்கி ஓடலாம் போலிருக்கிறது. அதனால் நிறுத்தாமல் எழுதுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சத்யபிரியா. மர்மக் கதை எழுதிப் பிழைக்கிறவள். இந்த முறை ஒரு பதிப்பகம் உளவியல் மர்ம நாவல் வேண்டும் என்றது. குழந்தைப் பருவத்தில் புதைந்துபோன ஒரு ரகசியம் கட்டாயம் இருக்க வேண்டுமாம். அப்படி ஒன்றும் என்னிடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு அதிசயம் இருந்தது. அதையே எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

2

[தொடக்கம் ஒன்று: "அருணா செத்த அன்று மழை கொட்டியது." கொட்டவில்லை. அடித்துவிட்டேன்.]

[தொடக்கம் இரண்டு: "கிணறு எதையும் மறப்பதில்லை." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கிணற்றுக்கு என்ன தெரியும்? இதையும் அடித்துவிட்டேன்.]

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அருணா என் அக்கா. எட்டு வயதில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்தாள். கால் தவறியது என்றார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது.

எங்கள் குடும்பத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண் பிள்ளை சாமியாகிவிடும். வருடாவருடம் அவளுக்குப் படைப்பு போடுவோம். புதுத் துணி எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிட்டு, போன வருடத்துத் துணியை வீட்டில் அந்த வயதில் இருக்கும் பெண் குழந்தைக்கு உடுத்திவிடுவோம்.*

முதல் வருடப் படைப்பில்தான் அந்த அதிசயம் நடந்தது. என் தாய்மாமன் சோலையப்பன், அம்மாவின் தம்பி, சூடம் எரியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, ராத்திரி கனவுல பிள்ள வந்துச்சு. எனக்கு வெள்ளச் சட்டதான் வேணும், அதுல ஒரு பொத்தான் மட்டும் நீலமா இருக்கணும்னு கேட்டுச்சு."

அம்மா அப்படியே சரிந்துவிட்டாள். சாகிற அன்று அருணா போட்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையில் மேல் பொத்தான் நீலம். மாமா அதைப் பார்த்தவரே இல்லை. அவர் கட்டுமாவடியில் மீன் வியாபாரியிடம் வேலையில் இருந்தார்; பிள்ளையை அடக்கம் செய்த பிறகுதான் வந்து சேர்ந்தார். அவருக்கு எப்படித் தெரியும்? சாமி சொல்லித்தான் தெரியும். பெண்கள் குலவை போட்டார்கள். அன்றிலிருந்து படைப்பு ஓலைப்பெட்டி மாமா வீட்டுக்குப் போனது. அவர் குவைத்தில் இருந்த காலத்தில்கூட சட்டைக்கு நீலப் பொத்தான் தைத்தாயிற்றா என்று போன் போட்டுக் கேட்பார்.

இதை உடம்பெல்லாம் சிலிர்க்கச் சிலிர்க்கக் கேட்டு வளர்ந்தவள் நான். நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் அப்படியே வைத்தேன்.

(* இந்த வருடம் எட்டு வயதாகியிருக்கும் பெண் குழந்தை என் மகள் அன்புமொழி. போன வாரம் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். "மாமா பிள்ளையக் கண்டிப்பா கூட்டியாரச் சொல்லிருக்கான்" என்றாள். நானே அவள் துணிமணியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். இன்று படைப்பு.)

3

இன்று காலை பதிப்பாசிரியர் அறிவுச்செல்வன் போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர். எங்கள் படைப்பு பற்றியெல்லாம் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"மேடம், நல்லா வந்திருக்குங்க. ஒரே ஒரு சிக்கல். கொலைகாரன் யாருன்னு மூணாவது சாப்டர்லயே தெரிஞ்சு போயிடுதே."

"கொலையா? இதில் கொலையே இல்லையே. விபத்துதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் சும்மா ஒரு சந்தேகம் வரும், அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். "நீங்க வேணும்னே ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேனுங்க. அந்தப் பொத்தான் மேட்டர். ஊர்லயே இல்லாதவனுக்கு அது நீலம்னு எப்படித் தெரியும்? அன்னிக்கு அவன் அந்தப் பிள்ளைய நேர்ல பார்த்திருக்கான். குடும்பமே உட்கார்ந்து சாமி வந்துச்சுன்னு கும்பிடுது பாருங்க, அதான் பயங்கரம். அதை மட்டும் பத்தாவது சாப்டருக்குத் தள்ளிருங்க."

சரிங்க என்றேன்.

[அந்த நிமிடத்தில் எனக்கு எப்படி இருந்தது என்றால், கிணற்றுக்குள் — வேண்டாம். உவமை தேடும் நேரமா இது. செருப்பை மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான்.]

4

அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா பெயர் சொர்ணம். அவளை நான் கதாபாத்திரமாக்கியபோது சாது என்று எழுதியிருந்தேன்.

"அம்மா, அக்கா சட்டையில அந்த நீலப் பொத்தான எப்ப தச்ச?"

"அன்னைக்கிக் காலையிலதான். பொத்தான் அந்து போச்சுன்னு அழுதுக்கிட்டு நின்னா. வெள்ளப் பொத்தான் அகப்படல. ஒங்கப்பா சட்டையில இருந்த நீலத்த அத்துத் தச்சு விட்டேன்."

"மாமா அப்ப வீட்டுல இருந்தாரா?"

"அவந்தான் முதநாளே கட்டுமாவடிக்குப் போயிட்டானே. பிள்ள மொகத்தக்கூடப் பாக்கக் குடுத்து வைக்கல, பாவம்."

"அந்தச் சட்டைய வேற யாரு பாத்தா?"

"கெணத்துல இருந்து தூக்குனவுக பாத்திருப்பாக. நான்தான் கழட்டுனேன். கண்ணு கொண்டு பாக்க முடியாம அடுப்புல போட்டுட்டேன். எதுக்குத்தா இப்ப இதெல்லாம்?"

"கதைக்கும்மா."

"நல்ல நாள்ல கேக்குற கேள்வியாடி இது" என்று வைத்துவிட்டாள்.

உங்களுக்கு இப்போது ஒரு சந்தேகம் வரும். தூக்கியவர்கள் யாராவது மாமாவிடம் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். இவ்வளவு நேரம் நானும் அதைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

5

ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் நான் எழுதிய ஒரு வாக்கியம் இருக்கிறது. அதையும் உங்களிடம் காட்டிவிட வேண்டும்.

"காய்ச்சலில் படுத்திருந்த சிறுமி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஈரக் கைலியைப் பிழிந்தபடி ஒருவன் வாழைக்குள் புகுந்து போனான்."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் சந்தேகம் வரட்டும் என்று போட்ட வாக்கியம். யோசிக்காமல், ஒரு மூச்சில் வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அருணா செத்த அன்று காய்ச்சலில் படுத்திருந்தது நான். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வாழைதான் தெரியும்.

இதைக் கற்பனை செய்தேனா, பார்த்தேனா? அந்த ஆளுக்கு முகம் வைத்துப் பார்க்கிறேன். மாமாவின் முகம் பொருந்துகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முகமும் பொருந்துகிறது. இருபது வருடமாக ஆட்களை உருவாக்கிப் பழகிய மூளை இது. எந்த உடம்புக்கும் எந்தத் தலையையும் ஒட்டிக் கொடுக்கும். என்னை நானே நம்ப முடியவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

6

வண்டி ஏறியதும் அம்மாவுக்கு மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் எடுத்தது மாமா.

"என்னத்தா பிரியா, நல்லாருக்கியா?"

எவ்வளவு அன்பான குரல் தெரியுமா. என் படிப்புக்கு ஃபீஸ் கட்டிய மனிதர் அவர்.

"அம்மா எங்க மாமா?"

"அக்கா பொங்க வைக்கிது. போன என்ட்ட குடுத்துட்டுப் போயிருக்கு. கதைக்குன்னு என்னமோ கேட்டியாம்ல, பொத்தானப் பத்தி?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அக்காவ எதுக்குத்தா அழ வைக்கிற. என்ட்ட கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்ல."

"அன்பு எங்க மாமா?"

"இங்கிட்டுத்தான் நம்ம தோட்டத்துக் கெணத்தடியில நிக்கிறா. சட்ட உடுத்துறதுக்கு முந்தி அந்தத் தண்ணியில தலைக்கி ஊத்தணும்ல. கெணத்து மேல மூடியிருந்த கம்பி வலைய இப்பத்தான் எடுத்து வச்சேன். நீ எங்கிட்டு இருக்க? பஸ்சு சத்தம் கேக்குது."

"வாரேன் மாமா. நான் வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. தாய் வந்துதான் ஊத்தணும்னு ஒருத்தவுக சொன்னாக."

[பொய். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. மர்மக் கதை எழுத்தாளருக்கு அந்த அவசரத்தில் அகப்பட்டது இவ்வளவுதான்.]

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியா சொன்னாக? சரித்தா, வா" என்றார்.

7

முடிவுகள். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

முடிவு அ: கனவு உண்மை. அருணா மாமாவிடம்தான் வந்தாள், அவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். நான் படைப்பின் நடுவில் போய் நின்று உளறி, அம்மா என் முகத்திலேயே விழிக்காமல் போகிறாள்.

முடிவு ஆ: மாமா அன்று கட்டுமாவடிக்குப் போகவேயில்லை. பிள்ளை விழுந்ததைப் பார்த்துக் கிணற்றில் குதித்தார், தூக்க முடியவில்லை, பழி வருமென்று பயந்து ஓடிவிட்டார். அப்புறம் ஒரு வருடம் அவரால் தூங்க முடியவில்லை. அந்தப் பொத்தானை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

முடிவு இ:

[எழுத மாட்டேன். எனக்கு அது எப்படிப் போகும் என்று வரிவரியாகத் தெரிகிறது. என் பிள்ளை அங்கே நிற்கும்போது அதை என் விரலால் தட்ட மாட்டேன்.]

8

அறந்தாங்கி வந்துவிட்டது. ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். பலாப்பழ அம்மாள் "ஏன்த்தா அழுகுற" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்.

மாமா அதைச் செய்தாரா இல்லையா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்குச் சாட்சியம் கிடையாது. ஒரு பொத்தானும், நானே எழுதிய ஒரு வாக்கியமும் இருக்கின்றன. எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இதை வைத்து ஒரு காகிதம்கூட எழுத மாட்டார்கள். அவர் நிரபராதி என்று நீங்கள் முடித்தால் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன், வாழ்நாள் முழுக்கக் கேட்கிறேன். ஆனால் அதைத் தெரிந்துகொள்கிற வரை காத்திருக்க என்னால் முடியாது. அன்புவை முதலில் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அம்மா அழட்டும், படைப்பு பாதியில் நிற்கட்டும், சாமி என்னைக் கேட்கட்டும்.

எங்கள் ஊருக்கு ஆட்டோ கிடைத்துவிட்டது. கைபேசியைப் பைக்குள் போடப் போகிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் அவள் கையைப் பிடிக்கிற வரைக்கும் தயவுசெய்து இந்தக் கதையை முடித்துவிடாதீர்கள்.