தும்மல் வராத வருஷம்

தையல் மெஷின் மெக்கானிக்குக்கு ஊரில் விரோதி என்று ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய தங்கமான குணம்தான் காரணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. 'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது, அவ்வளவுதான். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய மெஷினைக் கொண்டுவந்து வைத்து நாளைக்கே தைக்க வேண்டும் என்றாலும் சரி என்பார். வீட்டில் கேட்கவே வேண்டாம். மனைவி வாயைத் திறக்கும்போதே இவர் தலை ஆட ஆரம்பித்துவிடும். நான் என்ன சொல்ல வந்தேன் என்று கேட்டுவிட்டாவது ஆட்டுங்கள் என்று அவளே சில சமயம் அதட்டியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: மகள் மாத்திரையை விழுங்குகிறாளா என்று கூடவே நின்று பார்ப்பது. பார்த்தார். அவள் மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்து, வாயைத் திறந்தும் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

வசந்தம் வந்தால் மற்றவர்களுக்குப் பூ, அவளுக்குத் தும்மல். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மூச்சை அடக்குங்கள் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுத் தானே தும்மி, எடுத்த படத்தைத் திரும்ப எடுத்த கதை வீட்டில் பிரசித்தம். பெரிய பூங்காவில் வருஷா வருஷம் நடக்கும் மலர் கண்காட்சிக்கு அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து அப்பாதான் கூட்டிப்போவார். வாசலிலேயே தும்மல் தொடங்கிவிடும். கண்ணைத் தேய்த்துத் தேய்த்துத் தக்காளியாக்கிக்கொள்வாள். இனிமேல் வரவே கூடாது என்று அவர் திட்டுவார். அடுத்த வருஷம் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பவளும் அவள்தான். மாத்திரை போட்டால் எல்லாம் கட்டுப்படும் என்று டாக்டர் சொல்லியிருந்தும், அன்றைக்கு முழுக்கத் தூக்கமாக வருகிறது என்று போட மாட்டாள். இந்த வருஷம் போட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்க முடியுமா?

கண்காட்சியில் சந்திப்பது மாப்பிள்ளையின் அம்மா யோசனை. வீடு தேடி வந்து, வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, பிறகு பிடிக்கவில்லை என்று சொல்வது அந்த அம்மாளுக்கு மனசுக்குக் கஷ்டமாம். ஒத்துவந்தால் பேசுவோம், இல்லாவிட்டால் பூ பார்த்த கணக்கில் போகட்டும் என்றாள். மெக்கானிக்கின் மனைவிக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்கும், அவளே அந்த ஜாதிதான்.

போன வருஷம் மகள் விஷயத்திலும் அவள் அப்படித்தான் வெட்டினாள். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன் வீட்டுக்கே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உங்கள் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்று மரியாதையாகக் கேட்டான். நிலையான வேலை இல்லை, சொந்தமாக ஒரு கூரை இல்லை, நடக்காது என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, "என்னங்க?" என்று இவர் பக்கம் திரும்பினாள். இவர் தலை ஆடியது. பையனை இவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. இருந்தும் ஆடியது. மகள் அப்போது அம்மாவைப் பார்க்கவில்லை, அந்தப் பையனையும் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. அவள் சாப்பிட்டாள், சிரித்தாள், வேலைக்குப் போய் வந்தாள். பிள்ளை மறந்துவிட்டாள் என்று வீடு நம்பியது. நம்புவது சௌகரியமாகவும் இருந்தது.

பூங்கா வாசலில் மாப்பிள்ளை முன்னதாகவே வந்து எல்லாருக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். அதிர்ந்து பேசாத ஆள். குறை சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து தேடினாலும் கிடைக்காது. மெக்கானிக்குக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று, ஆனால் அவருக்கு யாரைத்தான் பிடிக்கவில்லை? கயிறு கட்டிய பாதையில் கூட்டத்தோடு கூட்டமாக எல்லாரும் நகர்ந்தார்கள். பூவைத் தொடாதீர்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் தொட்டிருந்தார்கள்.

சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்களாலேயே ஒரு ரயில் எஞ்சின் செய்து நிறுத்தியிருந்தார்கள். அதன் முன்னால் நின்றுதான் இரண்டு அம்மாக்களும் வெட்கமில்லாமல் கல்யாண மாதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மகள் எஞ்சினைப் பார்த்தபடி நின்றாள். அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. சத்தமில்லை, முகம் கோணவில்லை, வெறுமனே வழிந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பேச்சை நிறுத்தினாள். மெக்கானிக்கின் இடுப்பில் மனைவியின் முழங்கை இடித்தது. ஏதாவது சொல்லுங்கள் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் உத்தரவு.

"அலர்ஜி," என்றார் மெக்கானிக். "பூவு ஒத்துக்காது அவளுக்கு. சின்னப் பிள்ளையிலேர்ந்தே இப்படித்தான்."

மகள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த ஆட்டல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. அப்பன் சொத்தாக வேறு எதுவும் கொடுக்காவிட்டாலும் அதைக் கொடுத்திருந்தார்.

எல்லாருக்கும் உயிர் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அடடா என்று பரிதாபப்பட்டாள். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணி ஒன்றை எடுத்து, புதுசுதான் என்று சொல்லிக் கொடுத்தார். மகள் வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். அவர் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் திரும்பினார். கண் அவருடைய தொழிலாயிற்றே.

"நல்ல பழக்கம் சார் இவங்களுக்கு. இவ்வளவு தண்ணி வந்தும் கண்ணைத் தேய்க்கவே இல்ல பாருங்க. அலர்ஜின்னா அரிப்பு உயிர் போகும், யாரா இருந்தாலும் தேய்ச்சிடுவாங்க."

மெக்கானிக் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. தேய்க்கவில்லை. கண் சிவக்கவும் இல்லை. வாசலில் நுழைந்ததிலிருந்து இந்த எஞ்சின் வரைக்கும் பெண் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மாத்திரைதான் அவர் கண் முன்னாலேயே உள்ளே போயிற்றே!

அதற்குப் பிறகு அவர் எந்தப் பூவையும் பார்க்கவில்லை. மகள் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு தும்மல் வந்துவிட்டால் போதும், நான் சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். இத்தனை வருஷம் போதும் போதும் என்று சொன்னாலும் கேட்காத தும்மல், இன்று கெஞ்சினாலும் வரவில்லை. பூ மிக அடர்த்தியாக இருந்த ரோஜாப் பாத்தி ஓரமாக, அவளை உள்பக்கம் நடக்கவிட்டு மெதுவாகக் கூட்டிப்போனார். பெற்ற மகளுக்கு நோய் வரட்டும் என்று வேண்டிக்கொண்ட தகப்பன் அந்தப் பூங்காவிலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். அவள் ஒரு ரோஜாவின் பக்கம் குனிந்து நிதானமாக மூச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

பாதை குறுகிய இடத்தில் மற்ற மூவரும் முன்னால் போய்விட்டார்கள். மெக்கானிக் நின்றார்.

"பிடிக்கலைன்னா சொல்லும்மா," என்றார்.

பின்னாலிருந்து வந்தவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனார்கள்.

"சொன்னா, அம்மாகிட்ட நீங்க சொல்லுவீங்களாப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். சொல்லுவேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். முன்னால் மனைவியின் முதுகு தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்கில் பழகியவள் மாதிரி சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனையோ நாள் ஆயிற்று. அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

மகள் காத்திருந்தாள். பிறகு, அவரைக் கஷ்டத்திலிருந்து காப்பாற்றுகிற மாதிரி, அவர் சட்டைக் காலரில் விழுந்திருந்த ஒரு இதழைத் தட்டிவிட்டாள்.

"அப்ப அலர்ஜின்னே இருக்கட்டும்ப்பா. வாங்க, தேடப் போறாங்க."

வெளிவாசல் பக்கத்தில் எல்லாரும் நிழலில் நின்றிருந்தார்கள். மகள் கண்ணைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா அவளை அருகில் இழுத்துத் தோளில் கை போட்டுக்கொண்டாள். நல்ல மனுஷி. அதில் சந்தேகமே இல்லை.

"கவலைப்படாதே கண்ணு. எங்க வீட்ல மாடியில நாலு பூந்தொட்டி இருக்கு, இன்னைக்கே எடுத்து யாருக்காவது கொடுத்துடறேன். அப்புறம் உனக்குக் கண்ணுல தண்ணி வர ஒரு காரணமும் இருக்காது." பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "என்ன சம்பந்தி, சரிதானே?" என்றாள்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

மகள் போன வருஷம் பார்த்த மாதிரியே அவர் முகத்தைப் பார்த்தாள். மெக்கானிக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்த்தது. மாப்பிள்ளை அக்கறையாக, வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா சார் என்று விசாரித்தார்.

அதற்கு அவர் தலை ஆடியது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு எல்லாருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.