முள் படாத டயர்

டி.வி. ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை ஆறு வருஷமாகியும் கழற்றாத சுந்தரேஷ், தன் மவுண்டன் பைக்குக்கு டியூப்லெஸ் டயர் தேர்ந்தெடுக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார். ஆபீஸில் டெண்டருக்குப் போடுவதுபோல அட்டவணை போட்டார். டயரின் பக்கச்சுவர் தடிமனா, முள் குத்தினால் உள்ளே ஊற்றிய வெள்ளைத் திரவம் ஓட்டையை உடனே அடைக்குமா என்று கடைக்காரரைக் குடைந்தெடுத்தார். மனைவி மாதங்கிக்கு அந்த டயரின் குலம் கோத்திரமே மனப்பாடமாகிவிட்டது.

டயர் மாட்டிய முதல் ஞாயிறு காலை, இருவரும் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து சஞ்சய் வனத்துக்குப் போனார்கள். மாதங்கி தன் பழைய கூடை சைக்கிளில் பின்னால் வந்தாள். மண்பாதை திரும்பும் இடத்தில் கீக்கர் என்கிற கருவேல மரத்து முள் இறைந்து கிடந்தது. சுந்தரேஷ் பிரேக் பிடித்து இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"இந்த முள்ளுக்காகத்தானே அந்த டயரை வாங்கினேள்?" என்றாள் மாதங்கி.

"புதுசு. முதல் நாளே எதுக்குக் குத்து வாங்கணும்?"

பத்தடி நடப்பதற்குள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் காலில் ஏறியது. முள்ளில்லாத இடமாகப் பார்த்து சைக்கிளை இறக்கி வைத்த பிறகுதான் அவர் "அம்மா" என்று உட்கார்ந்தார்.

மாதங்கி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து முள்ளைப் பிடுங்கினாள்.

"டயரைக் கொஞ்சம் பாரேன். ஒண்ணும் ஆகலையே?"

"அச்சா, பாத்துட்டேன்," என்றாள். "நாலு மாசம் தேடினது வீண்போகலை. ஒரு முள்ளாலகூட உங்களைத் தாண்டி அதுகிட்டப் போக முடியலை."