ஒண்ணும் செய்யாது

செண்பகவல்லியின் நெஞ்செரிச்சல் ஒரு புதன்கிழமை காலையில் அவளை விட்டு எதிர்வீட்டுப் பகவதியம்மாளுக்கு மாறிப் போயிற்று. நடுவில் தெரு இருந்தது, தெருவில் கேஸ் சிலிண்டர் லாரி நின்றுகொண்டிருந்தது. நெஞ்செரிச்சல் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. அதற்குச் சற்று முன்புதான் பகவதியம்மாள் தன் வாசலில் நின்றபடியே, "மக்ளே, மெடிக்கல்ல சோடா உப்புப் பொட்டலம் கிடைக்கும், ஒண்ணு வாங்கிக் கலக்கிக் குடி, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு உள்ளே திரும்பியவர் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். செண்பகவல்லியோ பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக மூன்று தோசையைச் சாம்பாரோடு சாப்பிட்டாள். பகவதியம்மாளுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பிரசவம் ஆகும்வரை, பிரசவிக்கப் போகிறவள் வேறொருத்தி என்றாலும், அந்த எரிச்சல் அவரிடமே இருந்தது.

செண்பகவல்லி சுசீந்திரத்துப் பெண். புருஷன் தாணுமாலையன் திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்ப்பவன். எண்களைத் தவிர வேறெதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லாதவன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான முதல் கரு. சேதி தெரிந்த அன்றே அவன் சந்தோஷம் தாங்காமல் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் விடலை போட்டுவிட்டான். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் தேங்காய் உடைக்கக் கூடாது என்பது நாஞ்சில் நாட்டில் யாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தத் தேங்காய்தான் காரணம் என்று தெரு முடிவு கட்டியது. பிள்ளையார் இதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தெருவுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. கரு உண்டானது தெரிவதற்குப் பத்து நாள் முன்பு செண்பகவல்லிக்குத் தடுமன் பிடித்து மூக்கொழுக, தெரு முக்கிலிருந்த மைதீனின் மெடிக்கல் ஸ்டோருக்குப் போயிருந்தாள். அந்த முக்கில் யாரும் மருந்தின் பேரைச் சொல்லி வாங்குவதில்லை, நோயின் பேரைத்தான் சொல்லுவார்கள். தடுமன் என்றால் மைதீன் ஓர் அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரையை மட்டும் வெட்டிக் கொடுப்பார். மருந்தின் பேர் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். ரோஸ் நிறத்தில் இரண்டு மாத்திரை. விழுங்கினாள், தடுமன் போயிற்று. பிறகு கருவுற்றது தெரிந்ததும் தூக்கமும் போயிற்று. காலி அட்டைத் துண்டைக் கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்து, புருஷன் ஆபீசுக்குப் போனதும் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அதில் பாதி எழுத்து மட்டும் இருந்தது. போனில் தேடினால், உலகத்தில் எந்த மருந்தாலும் எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகலாம் என்று போன் சொல்லியது. பிரசவம் பார்க்கும் டாக்டர் சபீனா, காட்டப் போகும் ஒவ்வொரு தடவையும், வேறு மருந்து ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்பார். இல்லை டாக்டர் என்பாள். கேட்டால்தானே பதில் வரும், வந்த பதில் கெட்டதாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்பது அவள் நியாயம். பாவம், பயந்த மனசுக்கு அந்த அளவுதான் நியாயம் தெரியும்.

அதனால் அவள் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தாள். தைலமில்லை, இஞ்சி மிட்டாயில்லை, கொசுவத்திகூட இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஊருக்கு யோசனை சொல்ல ஆசை கூடியது. ஆட்டோ ஓட்டும் ஸ்ரீகுமார், அட்டக்குளங்கரை சிக்னலில் நிற்கும்போது பின்னால் திரும்பி, இடுப்புவலிக்கு ஒரு பாம் இருக்கிறது, தடவினால் பறந்துபோகும், ஒன்றும் செய்யாது என்றான். வலி பறந்துதான் போயிற்று, ஆனால் முன்சீட்டுவரைக்கும்தான். அவன் அன்று முழுக்க வில்லாக வளைந்து வண்டி ஓட்டினான். நாத்தனார் திவ்யலட்சுமி நாகர்கோவிலிலிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினாள், வாந்திக்கு இன்ன மாத்திரை, தான் இரண்டு பிரசவத்துக்கும் அதைத்தான் போட்டதாக. செண்பகவல்லி அதை முழுக்கக் கேட்டு முடித்தபோது அங்கே நாத்தனார் பஸ் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். தூரம் ஒரு தடையில்லை என்பது இதிலிருந்து தெரிந்தது. அரிப்புக்குக் களிம்பு எடுத்து நீட்டிய மைதீன், மறுநாள் கல்லாவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முதுகைத் தேடிக்கொண்டிருந்தார்.

விஷயம் பிடிபட்டதும் செண்பகவல்லி கொஞ்சம் ஆடித்தான் பார்த்தாள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. தாணுமாலையனுக்குத் திரவியம் என்று ஒரு பெரியப்பா உண்டு. விமானம் ஓட்டுவதிலிருந்து ரசம் வைப்பதுவரை எல்லாவற்றுக்கும் வழி சொல்லுகிறவர். ஆறு வருஷமாகப் பிள்ளையில்லாததற்கு அவர் சொன்ன வழிகளை அவள் மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய், தன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ரொம்பக் குடைச்சலாக இருக்கிறது பெரியப்பா என்றாள். அவர் வாயைத் திறந்தார். அவள் வரும்போது படி ஏறியதைவிட வேகமாகப் படி இறங்கிப் போனாள். பெரியப்பா அந்த வாரம் முழுக்கச் சுவரைப் பிடித்து நடந்தார்.

பிறகு தெரு வாயை மூடிக்கொண்டது. ஏழாம் மாசத்து வளைகாப்புக்கு வந்த பெண்கள் வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், ஐந்துவகைச் சாதம் சாப்பிட்டார்கள், ஒருத்தியும் ஒரு வார்த்தை யோசனை சொல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். திருவனந்தபுரத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வளைகாப்பு நடந்ததில்லை. மைதீன் கடையில் பெண்கள் யார் வந்தாலும் அவர் வாயைத் திறக்காமல், டாக்டர் சீட்டு எங்கே என்று விரலால் ஜாடை காட்டினார்.

எட்டாம் மாசம், துலாமழை என்கிற ஐப்பசி மழை பிடித்த நேரத்தில் செண்பகவல்லிக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல், போர்வைக்கு மேல் கை வைத்தாலே தெரிந்தது. அதை வாங்கிக்கொள்ள இப்போது ஆளில்லை. பகவதியம்மாள் கஞ்சி கொண்டுவந்து, வாயைப் பொத்திக்கொண்டு வைத்துவிட்டுப் போனார். மாத்திரை போடமாட்டேன், முன்னே செய்ததே போதும் என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாணுமாலையன் ஆபீசுக்குப் போகாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம், வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னான்.

"ஒரு மாத்திரை போடு செண்பகம். ஒண்ணும் செய்யாது. நான்லா சொல்லுதேன்."

சொல்லிவிட்டு, காய்ச்சல் தன்மேல் வந்து ஏறட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தான். வரவில்லை. அவன் சொன்னது யோசனை இல்லை, பயம். பயத்துக்கு அந்தக் காய்ச்சல் மசியவில்லை. அவன் கண்ணைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். முன்னே என்ன செய்தாய் என்று அவன் கேட்டான். அவள் எழுந்து போய்ப் பட்டுப் புடவைக்கு அடியிலிருந்த அட்டைத் துண்டை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் திட்டவில்லை. ஸ்ரீகுமாரின் ஆட்டோவைக் கூப்பிட்டான். ஸ்ரீகுமார் வழி நெடுக ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.

டாக்டர் சபீனா முதலில் கேள்விகளாகக் கேட்டார். காய்ச்சல் எப்போதிலிருந்து, குழந்தை அசைகிறதா, மூத்திரம் எரிகிறதா, உடம்பில் தடிப்பு உண்டா. ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, காய்ச்சலை இப்படி ஏறவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் தப்பு என்று சொல்லி, எந்த மாத்திரை, எத்தனை தடவை என்று எழுதினார். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள், விஷயம் கேள்விப்பட்டவர்களாதலால், டாக்டருக்கு நடுக்கம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். வரவில்லை. கேட்டுவிட்டுச் சொன்னவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. செண்பகவல்லி அட்டைத் துண்டை மேசைமேல் வைத்தாள்.

மைதீனுக்குப் போன் போயிற்று. வெட்டிய அட்டைகளின் மிச்சத்தை அவர் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது வழக்கம். அனுப்ப எப்போதும் மறந்துபோவது இன்னொரு வழக்கம். மழையில் நனைந்து டின்னோடு வந்தார். மேசைமேல் கொட்டித் தேடினார்கள். ஓர் அட்டையின் வெட்டு இந்தத் துண்டின் வெட்டோடு சரியாகப் பொருந்தியது, பேர் முழுசாக வந்தது. டாக்டர் படித்தார். எந்தத் தேதி, இரண்டுதானா, வேறெதுவும் சேர்த்து எடுத்ததா என்று கேட்டார். ஸ்கேன் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"இனி கேக்காம ஒண்ணும் எடுக்கண்டா. அது வேற காரியம். இந்த ரெண்டு மாத்திரையில குழந்தைக்கு ஏதும் வந்ததா நான் நினைக்கல. ஸ்கேனும் நல்லாயிட்டு இருக்கு. பேடிச்சது போதும் கேட்டோ. அந்தப் பயத்தை இங்க வச்சிட்டுப் போங்க."

செண்பகவல்லி வைத்துவிட்டுப் போனாள். காய்ச்சல் அவளோடுதான் போயிற்று, மாத்திரைக்கு மரியாதை கொடுத்து இரண்டு நாளில் இறங்கியது. கவலை மட்டும் டாக்டரிடம் தங்கிவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் டாக்டர் பாதியில் கையை உதறிக்கொண்டு எழுந்து போய் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். தான் சொன்னதேதான் அதிலும் இருந்தது. அப்படியும் மனசு கேட்கவில்லை. பிறகு வந்த வாரங்களில் செண்பகவல்லி நன்றாகத் தூங்கி எடை போட்டாள். டாக்டர் சபீனா இளைத்தார். வீட்டில் யாரும் காரணம் கேட்கவில்லை, பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

மார்கழியில் ஒரு காலை பத்து மணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. டாக்டர் அதைத் தாயிடம் உடனே கொடுக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து முதுகைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், மறுபடி முதலிலிருந்து பார்த்தார். குழந்தை எல்லாருக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தது. செண்பகவல்லி கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி டாக்டரின் கையைத் தொட்டாள்.

"பயப்படாதீங்க டாக்டர். அதுக்கு ஒண்ணுமில்ல."

டாக்டர் சபீனா குழந்தையைக் கொடுத்துவிட்டு அழுதார். பிரசவ அறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் இதற்கென்றே போடுகிற ஸ்டூலை நர்ஸ் ஆர்யா இழுத்துப் போட்டாள், டாக்டர் அதில் உட்கார்ந்து அழுது முடிக்கும்வரை நின்றிருந்து, அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள்.