மாப்பிள்ளை பிடித்த மேகம்

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. மேகம்தான். மதுரையில் ஒரு பஞ்சாலையில் கிளார்க் வேலை. சாயங்காலம் நாகமலைக்கு மேலே கருப்பு ஏறிவிட்டால் போதும், போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிடுவார். கழுத்தில் யாஷிகா கேமரா தொங்கும். மின்னல், சூறைக்காற்று, இடிமேகம் என்று எல்லாவற்றையும் துரத்திப் போய்ப் படம் பிடிப்பார். லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி ஒன்று மாட்டுவார். அதைப் போட்டால் கருப்பு வெள்ளைப் படத்தில் சாதா மேகம்கூட ஊரை அழிக்க வந்த மாதிரி விழும். எந்த மேகம் எத்தனை மணிக்கு எந்தத் திக்கில் போனது என்று நோட்டுப் போட்டு எழுதுவார். கட்டின பெண்டாட்டிக்குத் தலைவலியா காய்ச்சலா என்று ஒரு நாள் கேட்டதில்லை.

நல்லகாமன் என்று பேர். நல்ல பேர்தான்.

கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அதைச் சொல்லியே ஒரு தடவை என்னை உசிலம்பட்டிப் பக்கம் என் அய்யா வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தார். ஐந்து மாசம் கிடந்தேன். அய்யா முத்திருளன், ஊர்ப் பெரிய மனுஷர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, மில் வாசலில் காத்துக் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார். அன்றையிலிருந்து மாப்பிள்ளை என்றாலே அய்யாவுக்கு நடுக்கம். இவர் தும்மினால்கூட ஏதும் குறையா என்று பதறுவார். மகள் மறுபடியும் வாழாவெட்டியாக வந்து நின்றுவிடக் கூடாது. அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாசம், ஒரு மேகத்தைத் துரத்திக்கொண்டு, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கே போய்ச் சேர்ந்தார். நான் கோழி அடிக்க வீட்டில் நின்றுவிட்டேன். அவரும் அய்யாவும் கரிசல் காட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர், மழை வரப்போகிறது, மாமாவை விதைக்கச் சொல்லிவிட்டேன் என்றார். தானியக் குலுக்கையில் சாம்பல் கலந்து வைத்திருந்த விதைச்சோளம் மொத்தமும் காட்டுக்குப் போயிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், போங்கள். இந்த மனுஷனுக்கு நம் அய்யா மேலும் அக்கறை இருக்கிறதே என்று ஈரலைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

மழை வரவில்லை. அன்றைக்கும் இல்லை, அந்த மாசமும் இல்லை. விதையை எறும்பும் மணிப்புறாவும் தின்று தீர்த்தன. ஆவணியில் ஒரு மழை பெய்தது. ஊரெல்லாம் விதைத்தது. அய்யாவிடம் விதைக்க ஒரு கைப்பிடி இல்லை. சோளத்தட்டை இல்லாமல் மாட்டுக்கு எதைப் போடுவது என்று உழவு மாடு இரண்டையும் உசிலம்பட்டிச் சந்தையில் விற்றுவிட்டார்.

அன்றைக்குக் காட்டில் இவர் பிடித்த படத்துக்கு மதுரையில் ஒரு போட்டோக் கண்காட்சியில் முதல் பரிசு. என்னையும் கூட்டிப் போனார். வானம் கொள்ளாத இடிமேகம், கீழே என் அய்யா கையை ஓங்கி விதை வீசுகிறார். 'நம்பிக்கை' என்று பேர் எழுதி ஒட்டியிருந்தது. பார்த்தவர்களெல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். நான் சம்சாரி வீட்டுப் பெண், வெள்ளாமை பார்த்து வளர்ந்தவள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அய்யாவின் நிழல். அது மேகத்தைப் பார்த்து நீண்டு கிடந்தது. சாயங்கால வெயில் முதுகில் அடிக்கிறது என்றால் மேகம் கிழக்கே நிற்கிறது. ஆடிக்காற்றோ மேற்கிலிருந்து அடிப்பது. எங்கள் காட்டைத் தாண்டிப் போய்விட்ட மேகம் அது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஒளிக்கவே இல்லை, பாவி.

"போற மேகம்னு தெரியும். வெயிலு நேரா விழுந்தாத்தான மேகம் எடுப்பா இருக்கும். வெறுங்கைய வீசுனா படத்துல பொய்யாத் தெரியும், அதான் வெதைய வீசச் சொன்னேன்."

கையை இன்னும் தூக்குங்கள், இன்னும் தூக்குங்கள் என்று விதைப்பெட்டி காலியாகும் வரைக்கும் வீசச் சொன்னாராம். இதைச் சொல்லிக்கொண்டே பரிசுக் கோப்பையைத் துணியால் துடைத்தார்.

அதோடு விட்டாரா? புரட்டாசியில் அதற்கு ஜோடியாக இன்னொரு படம் வேண்டும் என்றார். அதே காடு மொட்டையாக, அதே ஆள் அழுதபடி, மேலே மேகம். மேற்கே இடி இறங்கிய ஒரு சாயங்காலம் என்னை வண்டியில் ஏற்றினார். படம் சரியாக விழாவிட்டால் நீ உன் அய்யாகூடவே இருந்துகொள் என்று போகிற வழியிலேயே சொல்லிவிட்டார்.

சுற்றிலும் ஊரார் காடு பச்சையாகக் கிடந்தது. நடுவில் அய்யாவின் காடு மட்டும் வெடித்துக் கிடந்தது. மலைக்கு மேலே மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. இவர் கேமராவைத் தரையில் வைத்துக் குனிந்துகொண்டார். அய்யா காட்டுக்கு நடுவில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். அழுங்கள் என்றால் அவருக்கு அழ வரவில்லை. மாப்பிள்ளை பார்க்கிறாரே என்று மரியாதைக்குச் சிரித்தார். வெளிச்சம் போகிறது, நீ போய்ச் சொல்லு என்று இவர் என்னைப் பிடித்துத் தள்ளினார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு மேகம் கிழக்கே போனது தெரியாமலா விதைத்தாய் என்று கேட்டேன்.

"தெரியும் பாண்டியம்மா. மாப்ள கேட்டாரு. மாட்டேன்னு சொன்னா அந்தக் கோவத்த ஒம்மேலல்ல காட்டுவாரு."

அந்த இடத்திலேயே எழுந்துபோய் அந்தக் கேமராவைப் பிடுங்கிக் கல்லில் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. எனக்கு மதுரைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

"அழுய்யா. நீ அழலேன்னா என்னைய இங்கனயே விட்டுட்டுப் போயிருவாரு."

அய்யா என் முகத்தையே பார்த்தார். உதடு கோணியது. அப்புறம் நெஞ்சில் அடித்துக்கொண்டு, சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழுது நான் கண்டதில்லை, அப்படி அழுதார். நான் படத்தில் விழாமல் ஓரமாக நகர்ந்துகொண்டேன். கேமராச் சத்தம் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றதும் அய்யா சட்டென்று அழுகையை நிறுத்தினார். கண்ணைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"போதுமா மாப்ள? இன்னுங் கொஞ்சம் அழவா?"

பிலிம் தீர்ந்துவிட்டது என்றார் இவர். நான் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.