ஹாலிபட்டில் சேர்த்த உப்பு

ஹாலிபட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நான் மூன்று வாரம் செலவழித்திருக்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். அது ஒரு மீன். ஆளை விட நீளமாக வளரக்கூடிய தட்டை மீன், இரண்டு கண்ணும் ஒரே பக்கம். 'பட்' என்பது அந்தக் காலத்தில் தட்டை மீன்களுக்கெல்லாம் பொதுப்பெயர். 'ஹாலி' என்பது 'புனித' என்று பொருள்படும் சொல்லின் பழைய வடிவம். புனித நாட்களில் தின்ற மீன் என்பதால் அப்படிப் பெயர் வந்திருக்கலாம். அந்த 'வந்திருக்கலாம்' என்பதைப் போடலாமா, 'வந்தது' என்றே அடித்துச் சொல்லிவிடலாமா என்பதற்கே ஐந்து நாள் போனது. அகராதி வேலை என்றால் அப்படித்தான்.

இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. ஒரு பதிப்பிலும் என் பெயர் வந்ததில்லை. இந்த முறை முதல் பக்கத்தில் போடுவதாகப் பதிப்பாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கத்தரி. நான் அவரை நம்பினேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்த எடுக்கும் ஒவ்வொரு நகல் படியிலும் வேண்டுமென்றே ஒரு பொய்யை நுழைத்து வைப்போம். படிக்குப் படி பொய் வேறு. யாராவது களவாடிப் போட்டால் எந்தப் படி போனது என்று தெரிந்துவிடும். கடைசியில் எல்லாப் பொய்யையும் நீக்கிவிடுவோம். நான் வீட்டுக்கு எடுத்துப் போகும் படிக்கு நானே பொய் வைத்து, இன்னதென்று கத்தரியிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருப்பதை யார் தொடப் போகிறார்கள் என்று, விளையாட்டாக, ஹாலி என்றால் உப்பு என்று எழுதி வைத்தேன்.

போன மாதம் போட்டிக் கம்பெனியின் அகராதி எங்களை முந்திக்கொண்டு வந்தது. கத்தரி என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார். ஹாலிபட்டுக்கு நேரே உப்பு இருந்தது. நாளைக் காலை பதில் சொல்லுங்கள் என்றார். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். துணையாசிரியர் பட்டியலில் மூன்றாவது பெயர் என் கணவருடையது.

வேலை போய் இரண்டு வருடம் வீட்டில் இருந்தவர். ஏதோ ஓர் அச்சகத்தில் பிழை திருத்தப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். மனுஷனுக்கு ஒரு வழி பிறந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன். என்னைப் போல் ஏமாளி உண்டா?

வீட்டுக்குப் போனபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பலகை மேலேயே வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லங்க."

"கேட்டா குடுத்திருப்பியா? இருபத்திரண்டு வருஷம் மாடா உழைச்ச, உன் பேரை எவன் போட்டான்? நான் ஆறு மாசம்தான் போனேன். என் பேரைப் போட்டிருக்காங்க பாரு."

பெருமையாகச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உப்புன்னு இருந்துச்சே, உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"நீ எழுதினா தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

மறுநாள் கத்தரியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். நான் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியாமல் எடுத்தார் என்றேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"நீங்க குடுத்தா என்ன, அவர் எடுத்தா என்ன? ஒரே வீடுதானேம்மா."

எங்கள் அகராதியின் முதல் பக்கத்தை எடுத்து, சிவப்புப் பேனாவால் என் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்னும் நானூறு பக்கம் திருத்தக் கிடந்தது, அதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. தாள்கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். சரி என்றேன்.