ஒரு மூச்சு முந்தி

குரும்பலூர் தமிழ்மாறனும் அவன் தங்கச்சி மணிமொழியும் சேர்ந்து பாடி யூடியூபில் போட்ட வெங்காயப் பாட்டு வந்த வருசம், பெரம்பலூர் ஜில்லாவில் வெங்காயம் உரித்த யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வெங்காயத்துக்கே வந்தது என்கிறார்கள்; அதை நான் பார்க்கவில்லை, அதனால் சொல்லமாட்டேன். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் அந்தப் பாட்டின் தாளத்தில்தான் ஆரன் அடித்தன. இது என் காதால் கேட்டது. அவர்கள் கச்சேரிக்கெல்லாம் மைக் செட் என்னுடையது.

அண்ணன் ஒரு வரி பெருமையடிப்பான், அடுத்த வரியில் தங்கச்சி மட்டம் தட்டுவாள். அதுதான் அவர்கள் பாட்டு. ஒரே மைக்கில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாடுவார்கள்.

மணிமொழிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. படித்த படிப்புக்குப் போகத்தானே வேண்டும், போனாள். பாட வேறு ஒரு பெண்ணைப் பார்க்கலாமே என்றேன்.

"உங்க ஸ்பீக்கருக்கு வேணா வேற ஜோடி பாருங்க பெரியப்பா" என்றான் மாறன்.

அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். தங்கச்சிக்குப் போன் போட்டு, அந்தப் போனை என் மைக் செட் மிக்சரில் சொருகிவிட்டான். விக்கிரமங்கலத்தில் முதல் கச்சேரி. அவ்வளவு தூரத்திலிருந்து குரல் வர வேண்டாமா? அவள் வரி ஒரு மூச்சு பிந்தியே வந்து விழுந்தது. ஜனம் சிரித்தது. அன்றிலிருந்து மாறன் அந்த ஒரு மூச்சு முந்திப் பாடப் பழகினான்.

பழகிப் பழகி அது உடம்பிலேயே ஏறிவிட்டது. சோறு வருமுன்னே எழுந்து கை கழுவப் போவான். பஸ் நிற்குமுன்னே இறங்குவான். ஒருமுறை ஏறுமுன்னே இறங்கிவிட்டான். ஆனால் பாட்டு சேர்ந்துவிட்டது. மேடையில் மட்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டே நிற்பான். டிரம்ஸ்காரன் அங்கே கால் வைத்தால் முறைப்பான்.

"ஒரே ஒரு தடவ அவ இங்க வந்து நின்னு பாடிட்டாப் போதும் பெரியப்பா."

இந்த மாசியில் லீவில் வந்தாள். ஆண்டிமடத்தில் ஒரு காதுகுத்து. பட்டப்பகல், முந்திரித் தோப்பை ஒட்டிப் பந்தல். மாறன் விட்டு வைத்திருந்த இடத்தில் மணிமொழி வந்து நின்றாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்த குழந்தை, காது குத்தும்போது அழவே மறந்துவிட்டது.

பாட ஆரம்பித்தார்கள். சேரவில்லை. மாறன் முந்திக்கொண்டே ஓடினான்.

"அண்ணே, மெதுவா. நான் இங்கதான் நிக்கறேன்."

"எனக்குத் தெரியுது புள்ள. தொண்டைக்குத் தெரிய மாட்டேங்குது."

மறுபடி பாடினார்கள். மறுபடி ஓடினான். "பேசாம அந்தப் பொண்ண போன்லயே பாடச் சொல்லுப்பா!" என்று பந்தலில் ஒருத்தன் கத்தினான்.

மணிமொழி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். மேடையை விட்டு இறங்கி, தோப்புக்குள் போய், அவனுக்குப் போன் போட்டாள். அதை என் மிக்சரில் சொருகினேன். அவளிடம் இருந்தது அந்த ஊர் சிம். குரல் முந்திரித் தோப்பில் கிளம்பி, அயர்லாந்து போய், அங்கே மழையில் கொஞ்சம் நனைந்து, மேடைக்கு வந்தது. பாட்டு கச்சிதமாகச் சேர்ந்தது. விசில் பறந்தது.

பாதிப் பாட்டில் மாறன் நிறுத்தினான். பக்கத்தில் காலியாய்க் கிடந்த இடத்தைப் பார்த்தான். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, ஜனத்தைத் தாண்டித் தோப்பைப் பார்த்து நடந்தான். நம்பமாட்டீர்கள், மெதுவாகத்தான் நடந்தான்.

"அண்ணே, உன் வரி" என்றது ஸ்பீக்கர். "அண்ணே? எங்க போயிட்ட?"

அவன் போய் அவள் பக்கத்தில் நின்ற பிறகும், இங்கே அயர்லாந்து சுற்றி வந்த அவள் குரல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது.